இல்லாத எண்ணுக்குக் காத்திருந்த மணி

என் அண்ணிக்குக் கணக்கில் தப்பு வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தப்பே வராத ஒருத்தரோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் அந்தக் கொடுமை என்னவென்று தெரியும். நான் ஒரு சட்டையைத் தைத்து முடித்து, பொத்தான் வைத்து, அப்பாடா என்று நிமிர்ந்தால் போதும். தாண்டிப் போகிறவர் ஒரு கணம் நின்று, "மூணாவது பொத்தான் நூலளவு கீழ இறங்கியிருக்கு, பாரு" என்பார். அளந்து பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

அண்ணனுக்கு எல்லாம் பழகிவிட்டது. அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. அதனால் எங்கள் வீட்டில் நாத்தனார் சண்டை என்றால் நான் பத்து வார்த்தை பேசுவேன், அண்ணி ஒரு வார்த்தை பேசுவார், அந்த ஒரு வார்த்தை சரியாக இருக்கும், நான் போய்த் தையல் மெஷினை வேகமாக மிதிப்பேன்.

அண்ணி முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அண்ணி அழுதுகொண்டு உட்காரவில்லை. எச்சரிக்கை மணி பொருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டார். மருந்துக் கிடங்கு, பழம் வைக்கும் குளிர் அறை, குஞ்சு பொரிக்கும் நிலையம், இப்படிப்பட்ட இடங்களில் சூடு ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். உள்ளே சூட்டை அளக்க ஒரு கம்பி முனை, சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதற்கு மேலே ஒரு மணி. அளவு தாண்டினால் மணி அலறும். ஸ்கூட்டரில் கருவிப் பையை வைத்துக்கொண்டு பகலெல்லாம் இதே வேலை. டீச்சர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஏணி மேல் நின்று திருகாணி முடுக்கும்போதும் கீழே நிற்பவர்கள், "டீச்சர், டீ சாப்பிடுறீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

சாயங்காலம் எங்கள் முன்னறையில் டியூஷன். என் தையல் மெஷினும் அதே அறையின் மூலையில் இருப்பதால் நானும் பத்தாம் வகுப்பை எத்தனையோ தடவை படித்து முடித்துவிட்டேன். பரீட்சைதான் யாரும் வைக்கவில்லை.

அண்ணிக்குப் பிடித்த பாடம் அசமன்பாடு. பெரியது, சிறியது என்று குறி போட்ட கணக்குகள். "சமன்பாடு கஞ்சன். ஒரே ஒரு விடையைத்தான் கையில வைக்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்வார். "இது அப்படி இல்ல. இங்கேயிருந்து இது வரைக்கும் எங்க வேணும்னாலும் இருந்துக்கோன்னு ஒரு இடத்தையே கொடுக்கும்." பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு, இரண்டு புள்ளி வைத்து, நடுவில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்ப்பார். வெள்ளையாகிற இடம்தான் விடை.

அதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மைனஸ் எண்ணால் வகுத்தால் குறி திரும்ப வேண்டும். பெரியது சிறியதாகும், சிறியது பெரியதாகும். பிள்ளைகள் வகுப்பார்கள், குறியை மறப்பார்கள். அண்ணி முதுகைக் காட்டி நின்றுகொண்டே, "திருப்பினியா?" என்பார். அந்த "திருப்பினியா" என் காதில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்றால், காலர் தைத்துவிட்டுத் துணியை வெளிப்பக்கம் திருப்பும்போதுகூட யாரோ பின்னால் நின்று கேட்கிற மாதிரி இருக்கும்.

குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் மணி பொருத்திவிட்டு வந்த அன்று அண்ணி நல்ல குஷியில் இருந்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேஜை மேல் விரலாலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். முட்டை வைத்திருக்கும் அறையில் சூடு 37-க்கும் 38-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்பி முனை சூட்டை நேரடியாகச் சொல்லாது. வேறொரு எண்ணைச் சொல்லும். சூடு ஏற ஏற அந்த எண் இறங்கும். ஐம்பதிலிருந்து அந்த எண்ணின் இரண்டு மடங்கைக் கழித்தால் சூடு.

"அதாவது, 37 ≤ 50 − 2x ≤ 38. மூணு பக்கமும் ஐம்பதைக் கழி. −13 ≤ −2x ≤ −12. இப்ப மைனஸ் ரெண்டால வகுக்கணும். வகுத்தா?"

"திருப்பணும்" என்றேன், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"ஆங்! திருப்பினா x ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவுல. ஆறுக்குக் கீழ போனா சூடு ஜாஸ்தி. ஆறரைக்கு மேல போனா சூடு கம்மி. இதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒருத்தர் மணி வச்சிருக்கார். திருப்பாமலே வச்சிட்டுப் போயிட்டார். விடாம அடிச்சுதாம். முட்டைக்குள்ள இருந்த குஞ்சே காதைப் பொத்திக்கிச்சாம்."

இப்படி ஒரு நகைச்சுவை அண்ணி வாயிலிருந்து வருவது பெரிய விஷயம். அண்ணன்கூடச் சிரித்தான்.

அந்த நிலையத்தில் ராத்திரி வேலை பார்த்தவரை எல்லோரும் ராத்திரி அக்கா என்றே கூப்பிடுவார்கள். ஒல்லியான ஆள், அதிர்ந்து பேச மாட்டார். மணி வருவதற்கு முன்னால் அவர்தான் அடிக்கடி எழுந்துபோய் அறைக் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருவார். மணி வந்ததும் முதலாளி, "சும்மா சும்மா கதவைத் திறந்தா சூடு போயிடுது. இனிமே மணி அடிச்சா மட்டும் உள்ள போங்க" என்று சொல்லிவிட்டார். அவரும் அதன்படியே வெளி அறையில் உட்கார்ந்து முட்டைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலையில் முதலாளியிடமிருந்து போன். காற்று வெளியேறும் மூடி சிக்கிக்கொண்டதாம். பாதிக்கு மேல் வளர்ந்த குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே சூடு விடும். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. விடிந்து கதவைத் திறந்தபோது ஒரு முட்டையிலும் உயிர் இல்லை. ராத்திரி அக்கா மணியே அடிக்கவில்லை என்கிறார். மணிக்குக் கீழே சுவரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பார், மாட்டிக்கொண்டதும் மறுபடி போட்டிருப்பார் என்பது முதலாளியின் சந்தேகம்.

அண்ணி போனார். பெட்டியில் சோதனைப் பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கினார். மணி கூரை பிய்ந்துபோகிற மாதிரி அலறியது.

"மணி சரியாத்தான் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நின்றிருந்த அத்தனை பேரும் ராத்திரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, "பாவம், அசந்துட்டாங்க போல. மனுஷங்கதானே, யாருக்கும் வரும்" என்றார். அந்த ஒரு பரிதாப வார்த்தையை நினைத்துத்தான் பிறகு அண்ணி அதிகம் வெந்துபோனார். ராத்திரி அக்காவை ரொம்பப் பெரிய மனசோடு மன்னித்துவிட்டு, அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அப்புறம் ஒரு சாயங்காலம். பலகையில், "ஒரு மருந்து கெடாமல் இருக்க வெப்பம் 3-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும். எப்போது கெடும்?" என்று கணக்கு. ரெட்டைச்சடைப் பெண் ஒருத்தி எழுந்துபோய், x < 3 மற்றும் x > 7 என்று எழுதிவிட்டுத் திருப்தியாக நின்றாள்.

அண்ணி வழக்கம்போலக் கிண்டல் செய்தார். "ஒரு எண் மூணைவிடச் சின்னதாவும் இருக்கணும், அதே எண் ஏழைவிடப் பெருசாவும் இருக்கணும். அப்படித்தானே? ஒரே ஆள் மொட்டை மாடியிலயும் நிக்கணும், அதே நேரம் கட்டிலுக்கு அடியிலயும் படுத்திருக்கணும். எங்கம்மா போய்த் தேடுவ அந்த ஆள?" பிள்ளைகள் சிரித்தார்கள். "கெடாம இருக்கணும்னா ரெண்டு நிபந்தனையும் சேர்ந்து வேணும். அங்க 'மற்றும்'. கெடுறதுக்கு ஏதாவது ஒண்ணு போதும். குறியை மட்டும் திருப்பினா ஆச்சா? நடுவுல இருக்கிற 'மற்றும்'ஐ யாரு 'அல்லது' ஆக்குறது? நீ போட்ட கணக்குக்கு விடையே கிடையாது. அந்த மாதிரி ஒரு எண் உலகத்துல…"

அங்கேயே நின்றுவிட்டார்.

நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சாக்பீஸ் பிடித்த கை பலகைப் பக்கம் நீட்டியபடியே இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னைக்குப் போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். பாதி வகுப்பில் பிள்ளைகளை அவர் அனுப்பி நான் பார்த்ததே இல்லை.

அலமாரியிலிருந்து, குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வைத்த அதே மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். மணி எப்போது அடிக்க வேண்டும் என்பதை அதில் மூன்று இடங்களில் சொல்ல வேண்டும். கீழ் எல்லை, மேல் எல்லை, அப்புறம் கடைசியாக ஒரு கேள்வி: இரண்டுமா, ஏதாவது ஒன்றா?

"நான் என்ன பண்ணினேன் தெரியுமா?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. "ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவுலன்னு கண்டுபிடிச்சேன். அதுல ரெண்டும் வேணும். அப்புறம் மணிக்காக அதைக் கவிழ்த்தேன். ஆறுக்குக் கீழ, ஆறரைக்கு மேல. குறி ரெண்டையும் கவிழ்த்துட்டு, 'இரண்டும்'ங்கிறத அப்படியே விட்டுட்டேன். ஆறைவிடச் சின்னதா, ஆறரையைவிடப் பெருசா ஒரு எண் வந்தாத்தான் அந்த மணி அடிக்கும். அப்படி ஒரு எண் எங்க இருக்கு? அந்த அறை பத்திக்கிட்டு எரிஞ்சாலும் அது அடிக்காது. பட்டனை அமுக்கினா மணி அடிக்கும், அவ்வளவுதான். கணக்கு சரியா இருக்கான்னு அந்தப் பட்டனுக்குத் தெரியுமா? அதை நான் பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். தினம் சொல்லித் தர்றேன்!"

அண்ணிக்கு வேலை கிடைப்பதே ஒருவர் இன்னொருவரிடம் 'டீச்சர் வைத்தால் தப்பு வராது' என்று சொல்லித்தான். அந்தப் பெயர் போனால் ஸ்கூட்டரும் கருவிப் பையும் மூலையில் கிடக்க வேண்டியதுதான். நான் என் பங்குக்குச் சொன்னேன்: "சும்மா இருங்க அண்ணி. செத்த குஞ்சு திரும்பி வரப்போறதில்ல. நாளைக்கு ஏதாவது காரணம் சொல்லிப் போய் அதை மாத்தி வச்சிட்டு வந்திடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணி என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவரும் அதை யோசித்தார் என்று எனக்குத் தெரியும்.

அதுவரை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் கேட்டான்: "அந்த ராத்திரி வேலை அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

அண்ணி அதை யாரிடமும் கேட்டுவைக்கவே இல்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் நானும் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டேன். தனியாக விட மனசில்லை. அறையில் அப்போது முட்டை இல்லை, புது முட்டை அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அண்ணி நேரே பெட்டிக்குப் போய்த் திறந்து பார்த்தார். 'இரண்டும்' என்றுதான் இருந்தது. அதைத் தொடவில்லை. முதலாளியையும் வேலையாட்களையும் கூப்பிட்டார். ஒரு குவளையில் வெந்நீர் கேட்டு வாங்கி, எல்லோர் முன்னாலும் கம்பி முனையை அதற்குள் விட்டார்.

எண் இறங்கியது. ஆறு, ஐந்தரை, ஐந்து. மணி ஊமையாக இருந்தது. நாங்கள் எல்லோரும் தலையைத் தூக்கி அந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடித்துவிடக் கூடாதா என்று ஏங்கியவள் நானாகத்தான் இருப்பேன். அது அடிக்கவில்லை. அண்ணி 'ஏதாவது ஒன்று' என்று மாற்றினார். மாற்றிய உடனே அலறியது.

"தப்பு என்னோடது" என்றார் அண்ணி. "அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு மணி சரியா இருக்குன்னு சொன்னதும் பொய்."

முதலாளி எங்களை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குக் கோபத்தைவிடக் கவலை அதிகம். "டீச்சர், மெதுவா. குஞ்சு வாங்குறவங்ககிட்ட எல்லாம் ஆள் தூங்கிட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். மிஷின்ல கோளாறுன்னா எவனும் எங்கிட்ட வரமாட்டான். அந்த அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. வேலையை விட்டு அனுப்பல, பகல்ல தட்டுக் கழுவ மாத்தியிருக்கேன். எல்லாம் அடங்கிப் போச்சு. உங்க பேரை எதுக்கு நீங்களே கெடுத்துக்கிறீங்க?"

"ஒத்துக்கிட்டாங்களா?" என்றார் அண்ணி.

"ஆமா. மொதல்ல மாட்டேன்னாங்க. நீங்க வந்து பார்த்துட்டுப் போன ரெண்டு நாள்ல அவங்களே வந்து, நான்தான் தூங்கிட்டேன்யான்னு சொன்னாங்க."

அண்ணி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

பின்பக்கம் தகரக் கொட்டகை. ராத்திரி அக்கா ஒரு தொட்டி முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பகல் வேலைக்கு மாற்றிய பிறகும் அவரை ராத்திரி அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி சேலை நனைவதைப் பார்க்காமல் எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, அன்னைக்கு மணி அடிக்கல."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அடிச்சிருக்கும்மா. நான்தான் தூங்கிட்டேன்."

"இல்லக்கா. அதால அடிக்கவே முடியாது. நான் தப்பா வச்சிட்டேன்."

"நீங்க படிச்சவங்க, தப்பா வைப்பீங்களா? நான்தான் சுவிட்சை அணைச்சிருக்கேன். கை அதுகிட்ட போனது லேசா ஞாபகம்கூட இருக்கு."

முதலாளிக்குப் பயந்து சொல்கிறார் என்று நான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் பயந்து சொல்லவில்லை. நம்பியே சொன்னார்.

அண்ணி தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்து சிமெண்ட் தரையில் ஒரு கோடு இழுத்தார். இரண்டு புள்ளி வைத்தார். டியூஷனில் வைக்கிற அதே புள்ளிகள். "இந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கம் போனா அறை கொதிக்குது. அந்தப் புள்ளிக்கு அந்தப் பக்கம் போனா குளிருது. எந்தப் பக்கம் போனாலும் அடின்னு நான் மணிகிட்ட சொல்லியிருக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போனாத்தான் அடிக்கணும்னு சொல்லிட்டேன். ஒரே நேரத்துல கொதிக்கவும் குளிரவும் முடியுமா?"

ராத்திரி அக்கா அந்தக் கோட்டையே பார்த்தார். ஒரு பக்கமாக விரலை நகர்த்தினார். திரும்பி வந்து இன்னொரு பக்கமாக நகர்த்தினார். தேய்த்துக்கொண்டிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவி விழுந்தது.

"அப்போ நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேனா?"

"முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தீங்க."

ராத்திரி அக்கா கையை நீட்டித் தொட்டிக் குழாயை மூடினார். "என் வீட்டுக்காரர்கிட்டயும் பொண்ணுகிட்டயும் நானே சொல்லிட்டேனே" என்றார். "அம்மா தூங்கி அத்தனை உயிரைக் கொன்னுட்டேன்னு. இப்ப இல்லன்னு நான் சொன்னா நம்புவாங்களா?"

"நான் வந்து சொல்றேன்க்கா. இப்பவே வர்றேன். இங்க இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். குஞ்சு வாங்குறவங்ககிட்டயும் நானே போய்ச் சொல்றேன்." அண்ணி அழுதார். அண்ணன் கல்யாணம் செய்து கூட்டிவந்த நாளிலிருந்து நான் பார்த்த முதல் அழுகை. மன்னிச்சிடுங்க என்று கேட்டால் மன்னிப்பையும் அவரிடமே வாங்கிக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அதை மட்டும் கேட்கவில்லை.

ராத்திரி அக்கா எழுந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் அண்ணி இப்போதாவது ராத்திரியில் கொஞ்சம் தூங்குவார். அவரோ யாரிடமோ வழி கேட்கிறவரைப் போல நிதானமாகச் சொன்னார்:

"அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சும்மா. எத்தனை தட்டு துடைச்சேன்னுகூட ஞாபகம் இருந்துச்சு. நீங்க வந்து அந்தப் பட்டனை அமுக்கினீங்கல்ல, அதுக்கப்புறம்தான் எல்லாம் போச்சு."